புழுவின் வயிற்றிலிருந்து வெளியேறுவது எப்படி: குன்னூர் மேசையில் ஒரு தீர்ப்பும் மறுவிசாரணையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு தீர்ப்பு சொன்னேன். அனுமதித்திருக்க வேண்டியதை மறுத்தேன், மறுத்திருக்க வேண்டியதை அனுமதித்தேன். இரண்டு தப்பும் சேர்ந்து ஆட்டத்தில் ஒரு ட்வார்ஃபின் (குள்ளர் இனப் பாத்திரம்) உயிரைக் காப்பாற்றிவிட்டதால் அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் திறந்தார்கள்.

விளையாட்டு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டது. எங்கள் மேசையில் ஓடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பகடையும் புத்தகமும் சொல்லாமல் விட்டதை டிஎம் சொல்லியாக வேண்டும். எங்கள் மேசைக்கு அந்தத் தலைவலி என்னுடையது.

மேசை இருப்பது குன்னூரில், சிம்ஸ் பூங்காவிலிருந்து இறங்கும் சாலையில், எங்கள் வீட்டு முன்னறையில். ஆடுபவர்கள் நான்கு பேர். நோம் என்ற குட்டையான இனத்து மந்திரவாதியை ஆடும் பெண் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள், வார இறுதியில் மலையேறி வந்துவிடுவாள். ட்வார்ஃப் போர்வீரன் என் பள்ளித் தோழன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எலாட்ரின் என்ற எல்ஃப் இனத்து ரோக்கை, அதாவது பதுங்கித் தாக்கும் திருடியை, ஆடுவது அவன் மனைவி. கிளெரிக்கை, அதாவது காயம் ஆற்றும் பூசாரியை, ஆடுவது ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் சார்தான். பாத்திரங்கள் எல்லாம் பத்தாவது லெவல்.

கதையில் வரும் சுரங்கத்தை நான் ஊர் ரயிலிலிருந்து திருடினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலைரயில் பாதையில் 16 சுரங்கங்கள் இருக்கின்றன. ஹில்குரோவ் பக்கம் ரயில் இருட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் கத்துவார்கள், வெளிச்சம் வந்ததும் சிரிப்பார்கள். அந்தக் கத்தலுக்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் அந்த அத்தியாயத்தை எழுதினேன். பத்தடி விட்டத்தில் பாறையைக் குடைந்துகொண்டே போகும் ஒரு ஊதாப் புழுவை அதற்குள் விட்டேன். வாசலில் அவர்கள் ஒரு ஆணியில் லாந்தர் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். அந்த ஆணி பின்னால் வருகிறது.

நடந்தது

ஊதாப் புழு சாதாரண ஜந்து இல்லை. 247 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. அது கடித்துவிட்டால், பெரிய அளவோ அதற்குச் சிறியதோ ஆன எந்த உயிரும் டெக்ஸ்டெரிட்டி சேவில் (சுறுசுறுப்பைச் சோதிக்கும் பகடை வீச்சில்) 19 எடுக்க வேண்டும், இல்லையென்றால் நேரே வயிற்றுக்குள். உள்ளே போனவருக்குக் கண் தெரியாது, இடம்விட்டு நகர முடியாது, புழுவின் ஒவ்வொரு டர்ன் (ஆடும் முறை) தொடக்கத்திலும் ஆறு ஆறுமுகப் பகடை அமிலம். சராசரி 21. வெளியே வர புத்தகம் இரண்டு வழி தருகிறது. உள்ளேயிருந்து ஒருவர் ஒரே டர்னில் 30 அல்லது அதற்கு மேல் அடித்தால், புழு கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) சேவில் 21 எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் விழுங்கிய எல்லோரையும் கக்கிவிடும். அல்லது புழு செத்தால் ஊர்ந்து வெளியே வரலாம்.

முதல் சுற்றில் புழுதான் முந்தியது. ஏற்கெனவே அடிபட்டு 31 ஹிட் பாயிண்டில் நின்ற ட்வார்ஃபைக் கடித்தது. கடியில் 24 போய் 7 மிச்சம், சேவும் தோற்றது, ஆள் உள்ளே. அவன் டர்ன் வந்தபோது இருட்டில் வாளை இரண்டு முறை வீசினான். இரண்டும் பட்டது. பகடையைக் கூட்டினோம்: 26. நான்கு குறைவு. என் தோழன் பகடையை எடுத்து வர்க்கித் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான், அதற்குத் தண்டனையாம்.

இரண்டாவது சுற்றில் அமிலம் அவனை மயக்கத்துக்குத் தள்ளியது. அதே டர்னில் புழு நோமையும் விழுங்கியது. இப்போது மந்திரவாதியின் டர்ன். மின்சாரம் போய் மெழுகுவர்த்தி வைத்திருந்தோம், தகரக் கூரையில் நவம்பர் மழை. அவள் ஷீட்டைக் கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, மிஸ்டி ஸ்டெப்."

"எங்கம்மா போறே? உனக்குத்தான் கண்ணு தெரியாதே."

"எனக்குத் தெரியாது. ஆந்தைக்குத் தெரியும்ல?"

மிஸ்டி ஸ்டெப், பார்க்கும் இடத்துக்கு நொடியில் மாறும் மந்திரம், டர்னின் சின்ன வேலையான போனஸ் ஆக்ஷனில் போடுவது. அவளுடைய வளர்ப்பு ஆந்தை (மந்திரத்தால் அதன் கண் வழியே அவள் பார்க்கலாம்) புழுவிலிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு ஸ்லீப்பர் கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. நான் ஒரு நிமிடம் யோசித்தேன். என் மனதில் ஓடிய படம் கொழகொழவென்ற, கும்மிருட்டான, மூடிய ஒரு வயிறு. "இல்லை. முழு மறைப்பு. உள்ளேயிருந்து எதுவும் வெளியே போகாது" என்றேன். அவள் வாதாடவில்லை. "சரி, அப்ப ஆக்ஷனையே எடுத்துக்கறேன், டைமென்ஷன் டோர். வாசல்ல லாந்தர் மாட்டின ஆணிக்குக் கீழே. அவரையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். டைமென்ஷன் டோர், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும் மாறும் பெரிய மந்திரம், டர்னின் முக்கிய வேலையான ஆக்ஷனில் போடுவது. அவர் என்று மயங்கிக் கிடக்கும் ட்வார்ஃபைத்தான் சொன்னாள். தோழன் என் முகத்தைப் பார்த்தான். "போ" என்றேன்.

கவனித்திருப்பீர்கள். உள்ளேயிருந்து எதுவும் வெளியே போகாது என்று சொன்ன அதே வாயால், பத்து விநாடி கழித்து இரண்டு பேரை அனுப்பி வைத்தேன்.

இருவரும் வாசலில் விழுந்தார்கள், ரோக்கும் கிளெரிக்கும் ஓடி வந்து சேர்ந்தார்கள், எல்லோரும் தப்பினார்கள். சார் மட்டும் மெதுவாக, "வாதாபியைக்கூட இவ்வளவு சுலபமா யாரும் வெளியே கூப்பிடலை" என்றார். அப்போது அது பாராட்டு என்று நினைத்தேன்.

மறுவிசாரணை

அடுத்த ஞாயிறு சார் ஒரு பிரிண்ட் அவுட் கட்டோடு வந்தார். இந்த விளையாட்டின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளிவந்துவிட்டன. விலை கொடுத்துப் புத்தகம் வாங்க முடியாதவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். சார் அதிலிருந்து பதினைந்து பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்து, சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். நாற்பது வருடப் பழக்கம்.

"மொதல்ல அடிப்படையிலருந்து வரலாம்" என்றார். அவர் ஆரம்பித்த இடம் சரியான இடம். பிடியில் இருப்பவர் டெலிபோர்ட் ஆகலாமா, அதாவது நடக்காமலே மறைந்து வேறிடத்தில் தோன்றலாமா என்ற கேள்வியைத் தீர்க்காமல் வயிற்றுக்குள் போய்ப் பயனில்லை.

பிடி என்பதற்கு விதியில் இருக்கும் பொருள் நாம் நினைப்பதைவிட மிகச் சின்னது. பிடிபட்டவரின் வேகம் பூஜ்யம். 2014 விதியில் அவ்வளவுதான். கை கட்டப்படவில்லை, வாய் பொத்தப்படவில்லை. அதற்கு மேல் அசைய முடியாதபடி இறுக்கினாலும் வேகம் பூஜ்யம், அடிப்பதற்கும் தப்புவதற்கும் பாதகம், மந்திரம் சொல்லத் தடை என்று எங்கேயும் இல்லை. மிஸ்டி ஸ்டெப்புக்கும் டைமென்ஷன் டோருக்கும் கையசைவு தேவையில்லை, பொருள் தேவையில்லை, குரல் போதும். டெலிபோர்ட் ஆவது நடப்பதில்லை என்பதால் வேகம் பூஜ்யமாக இருப்பது அதைத் தொடவே தொடாது. உடும்புப்பிடியாகவே இருக்கட்டும், உடும்பு பிடித்திருப்பது உடம்பைத்தான். உடம்பு அந்த இடத்தில் இல்லையென்றால் பிடிக்க என்ன இருக்கிறது?

பழைய பதிப்புகள் இவ்வளவு தாராளமாக இல்லை. 3.5 பதிப்பில் பிடியில் இருந்தபடி மந்திரம் போட வேண்டுமென்றால் கான்சன்ட்ரேஷன் சோதனையில் 20உடன் மந்திரத்தின் லெவலைக் கூட்டி அதை எட்ட வேண்டும். நாலாம் லெவல் டைமென்ஷன் டோருக்கு 24. பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வேறு மாதிரி குடைச்சல் கொடுக்கிறது. விழுங்கப்பட்டவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், மந்திரம் சொல்ல வாயைத் திறந்தால் மிச்சமிருக்கும் காற்று அத்தனையும் போய்விடும். மூன்று ஆக்ஷனில் ஒன்றையும் பறித்துக்கொள்கிறார்கள். ஆனால் டைமென்ஷன் டோருக்கு இரண்டு போதும் என்பதால் ஆக்ஷன் கணக்கில் அங்கேயும் கதவு திறந்தேதான் இருக்கிறது. எனக்கு அந்த மூச்சு விஷயம் ரொம்பப் பிடித்தது. ஐந்தாம் பதிப்பின் வயிற்றுக்குள் நிம்மதியாக உட்கார்ந்து பேசலாம் போல இருக்கிறது.

இங்கே எலாட்ரின் குறுக்கிட்டாள். "அப்போ எனக்கு நடந்தது?" என்றாள். அதுவும் என் தீர்ப்புதான், ஒரு மாதம் பழசு.

ரோப்பர் விவகாரம்

ரோப்பர் என்பது பாறை மாதிரி நிற்கும் ஒரு ஜந்து. ஆறு கயிறுகள் உண்டு, ஒவ்வொன்றும் ஐம்பது அடி எட்டும். பிடித்ததை இருபத்தைந்து அடி தன் பக்கம் இழுத்து, கிட்டே வந்ததும் கடிக்கும். அது எலாட்ரினைப் பிடித்துப் பதினைந்து அடி தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அவளுக்கு இனத்தோடு வந்த ஃபே ஸ்டெப் இருக்கிறது: பார்க்கும் இடத்துக்கு முப்பது அடி டெலிபோர்ட். நேர் பின்னால் தாவினாள். இப்போது ரோப்பரிலிருந்து நாற்பத்தைந்து அடி.

விதி என்ன சொல்கிறது? பிடித்தவரின் எட்டும் தூரத்தை விட்டு ஏதாவது ஒரு விளைவு பிடிபட்டவரை அகற்றினால் பிடி முடிகிறது. அகற்றியதா? அவள் நிற்பது நாற்பத்தைந்து அடியில், கயிறு எட்டுவது ஐம்பது. வரிக்கு வரி படித்தால் பிடி இன்னும் இருக்கிறது! 2024இல் திருத்திய விதியும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது, பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் பிடியின் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று.

நான் அன்றைக்குப் பிடி விட்டுப்போனது என்றேன். இந்தத் தீர்ப்பை மட்டும் இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன். காரணம், அந்த விதிக்குப் புத்தகம் தரும் உதாரணம் தண்டர்வேவ் மந்திரம். அது ஆளைத் தள்ளுகிறது. தள்ளினால் கயிறும் கூடவே நீளும், ஐம்பது அடி வரை பிடி இருப்பதில் நியாயம் உண்டு. டெலிபோர்ட்டில் நடுவில் இருக்கும் இடத்தைக் கடப்பதே கிடையாது. கயிறு சுற்றியிருந்த இடுப்பு அங்கே இல்லை, கயிறு வெறும் காற்றைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. அது மறுபடி நீண்டு அவளைத் தேடிப் பிடிக்கலாம், அதற்குப் புதிதாக ஒரு தாக்குதல் வேண்டும், பகடை உருள வேண்டும்.

சார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "எழுதியிருக்கிறது அப்படி இல்லையே" என்றார். எழுதியிருப்பது அப்படி இல்லைதான். எட்டும் தூரம் ஐந்தோ பத்தோ அடி இருக்கும் ஜந்துகளை மனதில் வைத்து எழுதிய வரி அது என்பது என் எண்ணம். எலாட்ரின் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

கண் யாருடையது

சரி, வயிற்றுக்கு வருவோம்.

மிஸ்டி ஸ்டெப்புக்கு ஒரே நிபந்தனை: போகும் இடம் காலியாக இருக்க வேண்டும், அதை நீ பார்க்க முடிய வேண்டும். விழுங்கப்பட்டவருக்குக் கண் தெரியாது என்பதால் அது நடக்காது என்பதுதான் வழக்கமான பதில். பெரும்பாலான நேரம் அது சரியான பதிலும்கூட. பிடியில் சிக்கியவருக்கும் விழுங்கப்பட்டவருக்கும் நடுவில் இருக்கும் மொத்த வித்தியாசமும் இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. வெறும் பிடியில் இருக்கும்வரை மிஸ்டி ஸ்டெப் போடலாம், தொண்டையைத் தாண்டினால் முடியாது.

ஆனால் இவளிடம் ஆந்தை இருந்தது. 2014 விதிப்படி, வளர்ப்பு ஜந்து நூறடிக்குள் இருந்தால், ஒரு ஆக்ஷன் செலவழித்து அதன் கண்ணால் பார்க்கலாம், அடுத்த டர்ன் தொடங்கும்வரை. அந்த நேரத்தில் உன் சொந்தக் கண்ணும் காதும் வேலை செய்யாது என்றும் அதே மந்திரம் சொல்கிறது. சார் கோடு போட்டிருந்தது இந்த இடத்தில்தான். "சொந்தக் கண்ணு குருடாகிறதுதான் இந்த மந்திரத்தோட ஏற்பாடே. அப்புறம் புழு வேற தனியா குருடாக்கினா என்ன நஷ்டம்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆந்தையின் கண்ணைப் புழு விழுங்கவில்லை.

ஆக்ஷனில் பார்க்கிறாள், போனஸ் ஆக்ஷனில் மிஸ்டி ஸ்டெப். பார்ப்பது மந்திரம் போடுவதில் சேராது, அதனால் ஒரே டர்னில் இரண்டு மந்திரம் என்ற தடையும் குறுக்கே வராது.

அப்படியென்றால் நான் சொன்ன முழு மறைப்பு? அங்கேதான் நான் வகையாக மாட்டினேன். புழுவின் வரியை மறுபடி படித்தோம்: விழுங்கப்பட்டவருக்கு, புழுவுக்கு வெளியிலிருந்து வரும் தாக்குதல்களுக்கும் விளைவுகளுக்கும் எதிராக முழு மறைப்பு. வெளியிலிருந்து உள்ளே. நான் அதை உள்ளேயிருந்து வெளியே என்று திருப்பிப் படித்துவிட்டேன். மழைக்குக் குடை பிடித்தவன் வெளியே கையை நீட்டக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. தவிர, மிஸ்டி ஸ்டெப் குறிவைப்பது போடுகிறவரையேதான், போய்ச்சேரும் இடம் வெறும் இடம். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெரியும் இடத்துக்குத் தாவுவதை நாங்கள் எத்தனையோ முறை அனுமதித்திருக்கிறோம். கண்ணாடி பரவாயில்லை, சதை கூடாது என்பதற்கு விதியில் ஆதாரம் கிடையாது.

ஆக முதல் தீர்ப்பு தப்பு. அவள் அன்றைக்கு மிஸ்டி ஸ்டெப் போட்டிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நாங்கள் 2024 விதிக்கு மாறியிருந்தால் என் தீர்ப்பு சரியாகியிருக்கும், வேறு காரணத்தால். புதிய விதியில் ஆந்தையின் கண்ணால் பார்ப்பது போனஸ் ஆக்ஷன். மிஸ்டி ஸ்டெப்பும் போனஸ் ஆக்ஷன். ஒரு டர்னுக்கு ஒன்றுதான். பார்வையோ அடுத்த டர்ன் தொடங்கும்போது போய்விடும். எதிராளிகளுக்கு உதவுகிறோம் என்று நினைத்து யாரும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள், ஆனாலும் அந்த வழி அடைபட்டுவிட்டது.

யார் யாரோடு

டைமென்ஷன் டோரில் கண் பிரச்சினை இல்லை. ஐந்நூறு அடிக்குள் பார்க்கும் இடம், மனதில் உருவகிக்கும் இடம், அல்லது "நேர் மேலே இருநூறு அடி" என்கிற மாதிரி திசையும் தூரமும் சொல்லும் இடம், எதுவும் போதும். விழுங்கப்பட்டவருக்கென்றே நெய்த மந்திரம் போல இருக்கிறது. ஒரு பொறி மட்டும் உண்டு: போகும் இடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் நாலு ஆறுமுகப் பகடை அடி விழும், மந்திரமும் வீண். பத்தடிச் சுரங்கத்தில் "நேர் மேலே" என்று பதற்றத்தில் சொன்னால் நேரே பாறைக்குள்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை, தான் மாட்டிய லாந்தரின் ஆணியைச் சொன்னாள். இந்தப் பெண் நன்றாக வருவாள்.

கூட யார் போகலாம் என்ற வரியில்தான் என் இரண்டாவது தப்பு. சம்மதிக்கும் ஒருவரை, ஐந்தடிக்குள் இருந்தால், அழைத்துப் போகலாம். உன் அளவோ அதற்குச் சிறியவரோ ஆக இருக்க வேண்டும். நோம் சிறிய அளவு. ட்வார்ஃப், பேச்சுக்குக் குள்ளன் என்றாலும், விதியில் நடுத்தர அளவு. கூட்டிப்போக முடியாது. உயரத்தில் அரையடி வித்தியாசம்கூட இல்லாத இருவர், ஆனால் அட்டவணையில் வேறு வேறு கட்டம்.

தோழன் கொதித்துப் போனான். "ஏன்டா, நான் அவ்ளோ குண்டா?" அதற்கு அவன் மனைவி சொன்ன பதிலை இங்கே எழுத அனுமதி கிடைக்கவில்லை.

அப்புறம் கல்லூரிப் பெண் ஒரு கேள்வி கேட்டாள், மேசை ஐந்து நிமிடம் அமைதியாகிவிட்டது. "அண்ணா, அவர் செத்திருந்தா?" உயிரோடு இருப்பவர் பிராணி. பிணம் பொருள். பொருளுக்கு அளவுத் தடை கிடையாது, நீ சுமக்கக்கூடிய எடைக்குள் இருந்தால் போதும். அதாவது விதிப்படி நோம் மந்திரவாதி உயிருள்ள ட்வார்ஃபைக் காப்பாற்ற முடியாது, செத்தவனைத் தூக்கிக்கொண்டு வரலாம். கணக்கும் போட்டுப் பார்த்தோம். அவளுடைய பலம் 8, பதினைந்தால் பெருக்கினால் 120 பவுண்ட். தோழன் போட்டிருக்கும் பிளேட் கவசம் மட்டுமே 65 பவுண்ட். மீதி 55 பவுண்டுக்குள் ஒரு ட்வார்ஃப் அடங்க வேண்டும். சாவதாலும் அவனுக்கு வழி பிறக்கவில்லை.

இன்னொரு சிக்கல், சம்மதம். மயங்கிக் கிடப்பவன் சம்மதிக்கிறானா? 3.5 பதிப்பில் இதற்கு நேரடியான பதில் இருந்தது, மயக்கத்தில் இருப்பவர் சம்மதித்ததாகவே கொள்ள வேண்டும் என்று. எங்கள் ஐந்தாம் பதிப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. சார் வேண்டாம் என்றார். மயங்கியவன் வாயிலிருந்து சம்மதத்தை எடுப்பது நாளைக்கு எதிரிகளுக்கும் வசதியாகிவிடும் என்பது அவர் கட்சி. ரோக்கோ, "என் வீட்டுக்காரரைக் காப்பாத்த அவர்கிட்டயே கையெழுத்து வாங்கணுமா?" என்றாள். இரண்டுக்கு இரண்டு ஆனது. நான் வாக்குப் போடவில்லை.

அன்றைக்கு விதிப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓட்டிப் பார்த்தோம். இதில்தான் நிறைய நேரம் போனது, எனக்கும் இதுதான் ருசித்தது. நோம் மிஸ்டி ஸ்டெப்பில் தனியாக வெளியே வந்திருப்பாள். ட்வார்ஃப் உள்ளே, பூஜ்யத்தில். புழுவின் ஒவ்வொரு டர்னிலும் அமிலம் பட, சாவுச் சோதனையில் ஒரு தோல்வி தானாகவே விழும், மூன்று விழுந்தால் கதை முடிந்தது. வெளியே நிற்கும் கிளெரிக் ஹீலிங் வேர்ட் என்ற காயம் ஆற்றும் மந்திரம் போடலாமே என்றால், அதற்கும் ஆளைப் பார்க்க வேண்டும். முழு மறைப்பு இப்போது உண்மையாகவே, சரியான திசையில், குறுக்கே நிற்கிறது.

நோம் உள்ளேயே இருந்து ஆக்ஷனில் மருந்துப் புட்டியை ட்வார்ஃபின் வாயில் கவிழ்த்திருந்தால்? அவன் விழித்திருப்பான், அவளுக்கு அடுத்தது அவன் டர்ன், மறுபடி இரண்டு வீச்சு, 30 வேண்டும். ஆனால் ஆக்ஷன் போய்விட்டதால் அவளுக்கு ஆந்தையின் கண் இல்லை. இருவரும் உள்ளே, அடுத்த அமிலத்தில் ட்வார்ஃப் மறுபடி விழுவது கிட்டத்தட்ட நிச்சயம். தன்னைக் காப்பாற்றிக்கொள்வதா, அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதா என்று அவள் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். என் தாராளம் அந்தத் தேர்வைத் தின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கும் அது புரிந்திருந்தது. "நான் மருந்துதான் குடுத்திருப்பேன்" என்றாள். தோழன், "நான் முப்பது அடிச்சிருப்பேன்" என்றான். வர்க்கித் தட்டுக்குப் பின்னாலிருந்து பகடையை எடுத்து உருட்டிக் காட்டினான். கூட்டினால் 22. மறுபடி தட்டுக்குப் பின்னால் போனது.

நம் கதைகளில் விழுங்கப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. வாதாபி வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருபவன், அகத்தியரிடம் மட்டும் ஜீரணமாகிப் போனான். பக்கத்தில் அவிநாசியில் சுந்தரர் பாடியதும் முதலை என்றைக்கோ விழுங்கிய பிள்ளையை, இடைப்பட்ட வருடங்களின் வளர்ச்சியோடு கக்கியது. அனுமன் சுரசையின் வாய்க்குள் கட்டைவிரல் அளவில் போய்த் திரும்பினான். கிழிப்பது, கக்க வைப்பது, வாய் வழியே வருவது. எல்லாமே ஏதாவது ஒரு துவாரத்தின் வழியாகத்தான். வயிறு மூடியபடி இருக்க உள்ளே இருந்தவர் மட்டும் வெளியே நிற்பது நமக்குப் பழக்கமில்லாத காட்சி. நான் விதியை விட்டு வயிற்றைப் பார்த்ததற்கு அது ஒரு சாக்கு. சார் ஏற்கவில்லை.

திருப்பிப் போட்டால்

பிடித்திருப்பவரோ விழுங்கியவரோ டெலிபோர்ட் ஆனால்? இதைக் கேட்டது நான். அடுத்த அத்தியாயத்துக்கு எனக்கு அது தேவை. மாரிலித் என்ற ஆறு கைப் பேய் வாலால் ஆளைச் சுற்றிப் பிடிக்கும், அதற்கு 120 அடி டெலிபோர்ட்டும் உண்டு. பிடித்த ஆளையும் கொண்டுபோய்விடுமா? விதி சொல்வது, அணிந்திருக்கும், தூக்கிக்கொண்டிருக்கும் உபகரணங்களோடு போகும் என்று. ட்வார்ஃப் உபகரணம் இல்லை. வால் வெறுமனே போய்ச் சேரும், ஆள் இங்கேயே கீழே விழுவான். 2024 விதி இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது: டெலிபோர்ட் ஆகும்போது இன்னொருவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், அந்த விளைவே சொன்னாலொழிய அவர் கூட வரமாட்டார்.

தொட்டுக்கொண்டிருப்பது என்பதில் வயிற்றுக்குள் இருப்பதும் சேருமா? சேரும் என்றுதான் எடுத்துக்கொண்டோம், வயிற்றுக்குள் இருப்பதைவிட நெருக்கமாகத் தொட முடியாது. ஆக ஊதாப் புழுவை யாராவது டெலிபோர்ட் செய்து அனுப்பினால், புழு நின்ற இடத்தில் நோமும் ட்வார்ஃபும் அமிலம் சொட்டச் சொட்டக் கிடப்பார்கள். கல்லூரிப் பெண் இதை உடனே குறித்துக்கொண்டாள். அடுத்த முறை தன்னை வெளியேற்றப் பார்க்க மாட்டாள், புழுவைத்தான் அனுப்புவாள்.

சுவரில்

ஸ்நூக்கர் விதிகளை 1882இல் ஊட்டி கிளப்பில் எழுதித்தான் ஒட்டினார்கள். இந்த மலையில் மேசை விளையாட்டுக்குச் சுவரில் விதி எழுதுவது நாம் ஆரம்பித்த வழக்கம் இல்லை என்று சார் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். ஃப்யூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். பிடி டெலிபோர்ட்டைத் தடுக்காது. எவ்வளவு நீளக் கயிறானாலும் டெலிபோர்ட் ஆனால் விட்டுப்போகும் (இதற்குக் கீழே, "டிஎம் தீர்ப்பு, எனக்கு உடன்பாடில்லை" என்று சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்). விழுங்கப்பட்டவர் வேறு கண்ணால் பார்த்தால் பார்த்ததுதான். உயிருள்ளது எதுவும் உபகரணம் இல்லை.

பழைய ஆட்டத்தைத் திருப்பவில்லை. ட்வார்ஃப் உயிரோடு இருக்கிறான், நோமின் நாலாம் லெவல் ஸ்லாட் (டைமென்ஷன் டோருக்குச் செலவான வாய்ப்பு) போனது போனதுதான், மறுக்கப்பட்ட மிஸ்டி ஸ்டெப்புக்காக அவளுக்கு ஒரு இன்ஸ்பிரேஷன் (பின்னால் ஒரு பகடை வீச்சுக்குச் சாதகம் தரும் பரிசு) கொடுத்தேன். மயங்கியவரின் சம்மதத்துக்குத் தாளில் ஐந்தாவது எண் போட்டு இடம் விட்டிருக்கிறோம். இன்னும் இரண்டுக்கு இரண்டுதான்.